ரத்தப் படத்துக்கு வந்த விமர்சனத்தை வாசிப்பது எப்படி

சின்னப் பணத்தில் எடுத்த ஒரு கொடூரமான திகில் படம் வெளியாகிறது. ஒரு விமர்சகர் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறார். இன்னொருவர் ஒன்றுகூடக் கொடுக்காமல், இதை எடுத்தவர்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்கிறார். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

இந்த வகைப் படங்களைப் பல ஆண்டுகளாக விரும்பிப் பார்க்கிறவள் நான். எங்கள் திரைப்படக் குழுவில் எதைத் திரையிடலாம் என்று முன்கூட்டிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது. "அக்கா, படம் நன்றாக இருக்கிறதா?" என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. "அக்கா, இதை நான் தாங்குவேனா?" என்றுதான் கேட்கிறார்கள். விமர்சனங்கள் முதல் கேள்விக்குச் சத்தமாகப் பதில் சொல்கின்றன. இரண்டாவது கேள்விக்கான பதில் வரிகளுக்குள் எங்கோ கிடக்கிறது. அதைத் தேடி எடுக்கும் வழியை இங்கே சொல்கிறேன்.

விமர்சனத்தைத் திறப்பதற்கு முன் உங்கள் வயிற்றை விசாரியுங்கள். வன்முறை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே சரக்கு அல்ல. தலை துண்டாகி உருள்வதை நான் டீ குடித்துக்கொண்டே பார்ப்பேன். நகத்துக்கடியில் ஊசி போவதைப் பார்க்க மாட்டேன். என் தோழி ஒருத்திக்கு ரத்தம் பொருட்டே இல்லை. ஒருவரை அவமானப்படுத்தி அழவைக்கும் காட்சி வந்தால் எழுந்து போய்விடுவாள். விலங்குகள் துன்புறுவது, குழந்தைகள் சாவது, பாலியல் வன்முறை, மருத்துவமனைக் காட்சிகள், வாந்தி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் மூன்றைத் தாளில் எழுதி வையுங்கள். இனி விமர்சனத்தில் தேட வேண்டியவை அந்த மூன்றும்தான். மற்றதெல்லாம் இலக்கியம்.

எண்ணைக் கடைசியில் பாருங்கள்

விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டும் விழுக்காடு, படம் எவ்வளவு நல்லது என்று சொல்லும் அளவு அல்ல. எத்தனை விமர்சகர்கள் மொத்தத்தில் பாராட்டினார்கள் என்கிற கணக்கு அது. பத்து பேர் பார்த்துப் பத்து பேரும் "சுமார்தான், ஒருமுறை பார்க்கலாம்" என்றால் 100 விழுக்காடு வந்துவிடும். ஐந்து பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, ஐந்து பேர் காறித் துப்பினால் 50. ரத்தப் படங்களைப் பொறுத்தவரை, எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கின்றன. இதேபோன்ற இன்னொரு தளமான மெட்டாகிரிட்டிக் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் மதிப்பெண் போட்டு, எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. அங்கேயும் கொண்டாட்டமும் வெறுப்பும் ஒன்றையொன்று தின்று, நடுவில் ஒரு சப்பையான எண் நிற்கும். ஆகவே சராசரியை விட்டுவிட்டு, மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் நடுவில் குவிந்திருந்தால் அந்தப் படம் யாரையும் சீண்டவில்லை. இரு முனைகளில் குவிந்திருந்தால் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய படம்.

இன்னொரு கணக்கும் உண்டு. சிறிய படத்துக்கு முதலில் வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் திரைப்பட விழாக்களின் நள்ளிரவுக் காட்சிகளிலிருந்தும், திகில் படங்களுக்கென்றே எழுதும் இதழ்களிலிருந்தும் வருபவை. ரத்தம் பார்க்க ஆசைப்பட்டே வந்தவர்கள் அவர்கள். நாளிதழ் விமர்சகர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். படம் பேசப்பட்டு அவர்களும் வேண்டாவெறுப்பாக வந்து சேரும்போது எண் இறங்கும். படம் மாறவில்லை, பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாறிவிட்டார்கள். பன்னிரண்டு விமர்சனத்தை வைத்து வந்த 95 விழுக்காட்டை நான் தகவலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சினிமாஸ்கோர் என்று ஒன்றிருக்கிறது. அமெரிக்காவில் படம் வெளியாகும் முதல் நாள் இரவு, அரங்கை விட்டு வெளியே வருகிறவர்களிடம் அட்டை கொடுத்து, ஏ முதல் எஃப் வரை எழுத்தில் மதிப்பெண் வாங்குகிறார்கள். திகில் படங்களுக்கு அங்கே அடி அதிகம். 2018-இல் விமர்சகர்கள் தூக்கிவைத்துப் பேசிய 'ஹெரிடிட்டரி' படத்துக்கு அங்கே கிடைத்தது டி பிளஸ். 1999-இல் வசூலில் சாதனை படைத்த 'த பிளேர் விட்ச் புராஜெக்ட்' வாங்கியது சி பிளஸ். டிரெய்லர் கொடுத்த வாக்கும் படம் கொடுத்த அனுபவமும் பொருந்தினவா என்பதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது. மெதுவாக நகரும் படத்தை வேகமான டிரெய்லர் போட்டு விற்றால் இப்படித்தான் வரும்.

ஒரு விமர்சனத்தைப் பிரித்துப் பார்ப்போம்

யாரையும் புண்படுத்த வேண்டாம் என்பதற்காக நானே ஒரு மாதிரி விமர்சனம் எழுதுகிறேன். இதுபோல நூறு வாசித்திருப்பீர்கள்.

"கதை என்று ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரமும் உடல்கள் வெட்டப்படுவதைத்தான் பார்க்கிறோம். இரண்டாவது கொலை முடிவே இல்லாமல் நீள்கிறது, கேமரா அந்தப் பெண்ணின் முகத்தை விட்டு நகர மறுக்கிறது. ஒப்பனைக் கலைஞர்களின் உழைப்பை மட்டும் பாராட்டலாம். இதெல்லாம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்று தெரியவில்லை. பலவீனமான மனம் கொண்டவர்கள் தவிர்க்கவும்."

"கதை இல்லை" என்பது இந்த வகைப் படத்தின் விமர்சனத்தில் பிள்ளையார் சுழி மாதிரி. அது உண்மையா என்று சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். வேறு இரண்டு மூன்று விமர்சனங்களைத் திறந்து, கொலையாளியைத் தவிர வேறு எந்தப் பாத்திரத்தின் பெயராவது வருகிறதா என்று தேடுவேன். முகமூடியின் தையல்வரை வர்ணித்தவர்கள், செத்துப்போனவர்களை "ஒரு பெண்", "அவளுடைய நண்பன்" என்று கடந்துபோனால், கதை மெலிதுதான். ஒரு பாத்திரத்தின் பெயரும் அவளுக்கு என்ன கவலை என்பதும் இரண்டு விமர்சனங்களில் ஒன்றுபோல வந்துவிட்டால், கதை இருக்கிறது; முதலாமவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வாக்கியம் எரிச்சல். தகவல் எதுவும் இல்லை.

மூன்றாவதுதான் தங்கம். ஒரே வாக்கியத்தில் இரண்டு செய்திகள்: கொலை எவ்வளவு நேரம் நீள்கிறது, கேமரா எங்கே நிற்கிறது. கேமரா காயத்தின் மேல் நின்றால், பார்க்கிறவரின் மனம் ஒருகட்டத்தில் அது ரப்பரும் சாயமும் என்று கண்டுகொள்ளும், "இதை எப்படிச் செய்தார்கள்?" என்று வியக்கக்கூடச் செய்யும். முகத்தின் மேல் நின்றால் தப்பிக்க வழியில்லை. வலிக்கிற முகத்தை ரப்பர் என்று நினைத்துக்கொள்ள முடியாது. ரத்தம் தாங்கும் பலர் இந்த இரண்டாவது வகையில்தான் கழன்றுகொள்கிறார்கள். "தாங்குவேனா" என்று கேட்பவரிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: காயமா, முகமா?

ஒப்பனையைப் பாராட்டும் வரியை மரியாதைக்குச் சொன்னது என்று தாண்டிப் போகாதீர்கள். படத்தை வெறுத்தவரே ஒப்பனையைப் புகழ்கிறார் என்றால், காயங்கள் நல்ல வெளிச்சத்தில், அருகில், நின்று நிதானமாகக் காட்டப்படுகின்றன என்று பொருள். கம்ப்யூட்டரில் வரைந்த ரத்தம் என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால் எனக்கு ஏமாற்றம். உங்களுக்கு ஒருவேளை நிம்மதி.

கடைசி இரண்டு வாக்கியங்களில் விமர்சகர் தன்னைப் பற்றிச் சொல்கிறார். "யாருக்காக?" என்ற கேள்விக்கு அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. "பலவீனமான மனம்" எச்சரிக்கை சுவரொட்டியில் அச்சிடுவதற்கென்றே பிறந்த வரி.

ஆறு வாக்கியத்தில் உருப்படியானவை மூன்று. இதுவே நல்ல விகிதம்.

குறை எதைப் பற்றியது என்பதையும் பிரித்துவையுங்கள். டேமியன் லியோன் இயக்கிய 'டெரிஃபையர்' வரிசை இதற்கு நல்ல உதாரணம். முதல் படத்தில் கோமாளி வேடக் கொலையாளியையும் ஒப்பனையையும் பலர் மெச்சினார்கள். கதையும் இல்லை, மனிதர்களும் இல்லை என்று குறை சொன்னார்கள். இயக்குநர் அதைக் காதில் போட்டுக்கொண்டார். 2022-இல் வந்த இரண்டாம் பாகத்தில் குடும்பமும் துக்கமும் துணிச்சலும் உள்ள ஒரு நாயகியைக் கொண்டுவந்தார். அதன் விளைவு, படம் 138 நிமிடம் ஓடியது. இம்முறை வந்த குறை நீளத்தைப் பற்றியது. சுமார் 2.5 லட்சம் டாலரில் எடுத்த அந்தப் படம் 1 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. "மிக நீளம்" என்ற புகார் வெளியே பார்த்தால் "மிகக் கொடூரம்" என்ற புகாரைப் போலவே மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆனால் வாசிக்கிற உங்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. பொறுமை இருக்கிறவர் முதல் புகாரைத் தள்ளிவிடலாம். ஒலி தெளிவாக இல்லை, இரவுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியவில்லை என்று இரண்டு பேர் சொன்னால் நான் கவனிப்பேன். சின்னப் பணத்தில் எடுத்த படத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ரத்தமல்ல, கேட்காத வசனம்.

ஒரு விமர்சகரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நூறு பேரின் சராசரியைவிட, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒருவரின் கோணல் அதிகம் பயன்படும். உங்களோடு ஒத்துப்போகிறவராக அவர் இருக்க வேண்டியதில்லை. எங்கே கோணுவார் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

மறைந்த அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வன்முறைப் படம் என்றாலே முகம் சுளிப்பவர் என்று அவரைப் பற்றிப் பலர் நினைக்கிறார்கள். அவர் கொடுத்த நட்சத்திரங்கள் வேறு கதை சொல்கின்றன. 1972-இல் வெஸ் கிரேவனின் 'த லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்' வந்தபோது நான்குக்கு மூன்றரை கொடுத்தார். 1974-இன் 'த டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' படத்துக்கு இரண்டு. கைத்திறனைப் பாராட்டிவிட்டு, இப்படி ஒரு படம் எதற்கு என்று கேட்டார். 1980-இல் 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' படத்துக்கு ஒன்றுமில்லை. 1986-இல் எடுத்து முடித்து, தணிக்கைச் சான்றிதழ்ச் சிக்கலில் மாட்டி 1990-இல்தான் திரையரங்குக்கு வந்த 'ஹென்றி: போர்ட்ரெய்ட் ஆஃப் எ சீரியல் கில்லர்' படத்துக்கு மறுபடி மூன்றரை. 2005-இல் ஒரே ஆண்டில் 'த டெவில்ஸ் ரிஜெக்ட்ஸ்' படத்துக்கு மூன்று, 'வுல்ஃப் க்ரீக்' படத்துக்குச் சுழியம். 2010-இல் 'த ஹியூமன் சென்டிபீட்' படத்துக்கு நட்சத்திரமே போட மறுத்தார்.

வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு கோடு தெரிகிறது. ரத்தத்தின் அளவு அவருக்குப் பொருட்டல்ல. படத்துக்குத் தான் காட்டுவதன் கனம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஒரு குறும்பான அறிவு இருக்க வேண்டும். பெண்ணின் துன்பமே விற்பனைப் பொருள் என்று அவருக்குத் தோன்றிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார். இந்தக் கோடு தெரிந்தபின், அவருடைய சுழியத்தை நான் இப்படி வாசிக்கிறேன்: "துன்பம் நீளமாக இருக்கிறது, நகைச்சுவை இல்லை." சில இரவுகளில் அதுதான் எனக்கு வேண்டியதாகவும் இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். ஏற்கெனவே பார்த்த ரத்தப் படங்களில் பிடித்த ஒன்று, பிடிக்காத ஒன்று, பாதியில் நிறுத்திய ஒன்று என்று மூன்றை எடுங்கள். மூன்றுக்கும் எழுதியிருக்கும் ஒரு விமர்சகரைத் தேடுங்கள். நீங்கள் நிறுத்திய இடத்தைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். உங்களை எழுப்பிவிட்ட காட்சியை அவர் கவனிக்கவே இல்லை என்றால், அவருடைய "மிதமான வன்முறை" என்ற சொல்லை இனி நம்ப வேண்டாம்.

அதே ஈபர்ட்டின் இரண்டு கட்டுரைகள் இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கின்றன. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' 1968-இல் வந்தது; அதைப் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி, பகல் காட்சிக்கு வந்து உட்கார்ந்து பயத்தில் உறைந்துபோன சின்னக் குழந்தைகளைப் பற்றியது. 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' விமர்சனத்தில் அவரை அதிகம் கலங்க வைத்தது, திரையில் நடந்த கொடுமைக்கு உற்சாகக் குரல் கொடுத்த பார்வையாளர்கள். இரண்டும் நேர்மையான எழுத்து. ஆனால் அங்கே விமர்சிக்கப்பட்டது அரங்கம். அறைக்குள் தனியாக மடிக்கணினியில் பார்க்கப்போகும் உங்களுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. விழாக் காட்சிகளின் புகழுரைக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு வெட்டுக்கும் கைதட்டுகிற கூட்டத்தில் பார்த்த படம், வீட்டில் பாதி வேடிக்கையாகத்தான் இருக்கும்.

மயங்கி விழுந்தார்கள் என்ற செய்தி

இதை விமர்சனமாக எண்ண வேண்டாம். விளம்பரத்தில் இது பழைய சரக்கு. 1958-இல் வில்லியம் காசில் தன் 'மக்காப்ர' படத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு, பயத்தில் செத்தால் 1,000 டாலர் கிடைக்கும் என்று காப்பீட்டுச் சான்றிதழே கொடுத்தார். அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன். 2016-இல் டொராண்டோ விழாவில் 'ரா' என்ற படம் திரையிடப்பட்டபோது மயங்கியவர்களுக்காக ஆம்புலன்ஸ் வரவழைக்கப்பட்டது. ரத்தத்தைக் கண்டதும் சிலருக்கு இதயத் துடிப்பு ஏறி, பின் சட்டென்று இறங்கி, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அது உடலின் அனிச்சைச் செயல். துணிச்சலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, படத்தின் தரத்துக்கும் தொடர்பில்லை. ஊசி போடும்போது கண் இருட்டுகிறவராக இருந்தால் ஓரத்து இருக்கை எடுங்கள். தலை கனமற்றுப்போவதாக உணர்ந்தால் கை, கால் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்துத் தளர்த்துங்கள். அழுத்தம் கொஞ்சம் ஏறும்.

எந்தப் பிரதியைப் பார்த்தார்கள்?

விமர்சகர் பார்த்த படமும் உங்கள் கைக்கு வந்த படமும் ஒன்றாக இல்லாமலிருக்கலாம். 'த ஹியூமன் சென்டிபீட்' இரண்டாம் பாகத்துக்கு 2011-இல் பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் முதலில் சான்றிதழே தர மறுத்தது. பிறகு 32 வெட்டுகளோடு, 2 நிமிடம் 37 விநாடி போனபின் அனுமதித்தது. அங்கே பார்த்தவரும் அமெரிக்காவில் பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசவில்லை. ஓடும் நேரத்தை ஒப்பிடுவதே எளிய சோதனை. பழைய ஐரோப்பிய டிவிடி என்றால் ஒரு கவனம்: விநாடிக்கு 24 சட்டகத்தில் எடுத்ததை 25 சட்டகமாக ஓட்டுவதால், ஒன்றும் வெட்டாமலே சுமார் 4 விழுக்காடு நேரம் குறையும். நூறு நிமிடப் படம் 96 நிமிடம் என்றால் பதறாதீர்கள்.

நீங்கள் எழுதிவைத்த மூன்று விஷயங்களுக்கு விமர்சனத்தில் பதில் கிடைக்கவில்லையா? பிரிட்டிஷ் வாரியத்தின் தளத்தில் பல படங்களுக்கு என்னென்ன காட்டப்படுகிறது என்று உணர்ச்சியில்லாத நடையில் எழுதியிருப்பார்கள். நாய் சாகிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்காகவே 'டஸ் த டாக் டை' என்ற தளம் இருக்கிறது. கதையின் திருப்பம் தெரிந்துபோனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்துகொண்டு அங்கே போங்கள்.

பழைய படமென்றால்

"அன்று திட்டினார்கள், இன்று கொண்டாடுகிறார்கள்" என்ற வாதத்தை ஜாக்கிரதையாகக் கையாளுங்கள். 'டெக்சாஸ்' படம் இன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. பிரிட்டனின் தணிக்கை வாரியம் வெட்டில்லாமல் சான்றிதழ் கொடுத்தது 1999-இல்தான். அதே ஆண்டில் ரொமேரோவின் படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. இந்த இரண்டையும் காட்டி, இன்று திட்டு வாங்கும் ஒவ்வொரு குப்பையும் நாளைய செவ்வியல் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அன்று திட்டு வாங்கி, இன்றும் யாரும் சீந்தாத படங்களின் பட்டியல் மிக நீளம்.

பழைய விமர்சனத்தில் இன்னொரு கோளாறு, பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது. 'டெக்சாஸ்' படத்தில் இறைச்சி தொங்கவிடும் கொக்கியில் ஒரு பெண்ணை மாட்டுகிற காட்சி இருக்கிறது. கொக்கி உடலில் ஏறுவதைப் படம் காட்டவே இல்லை. கொக்கியைக் காட்டுகிறது, அவளைத் தூக்குவதைக் காட்டுகிறது, பிறகு தொங்குகிற அவளுடைய முகம், கீழே ஒரு வாளி. அந்த வாளிதான் வேலையைச் செய்கிறது. அது எதற்காக அங்கே இருக்கிறது என்று மூளை தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. முதுகில் கொக்கி இறங்கியதைக் கண்ணால் கண்டதாகச் சொல்லும் ஆட்களோடு நான் வாதாடியிருக்கிறேன். காட்சியை மறுபடி ஓட்டிக் காட்டிய பிறகும் ஒருவர், இது வெட்டப்பட்ட பிரதி என்றார். ஆகவே "ரத்த ஆறு ஓடுகிறது" என்று ஒரு விமர்சனம் சொன்னால், எந்தக் காட்சியில் என்று அது சொல்கிறதா பாருங்கள். சொல்லவில்லையென்றால் அந்த ஆறு எழுதியவரின் தலைக்குள் ஓடியிருக்கலாம். அது படத்துக்கான பாராட்டு.

சில படங்களைப் பற்றிய தீர்ப்பு இன்னும் வரவில்லை, வரவும் வராது. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் பழிவாங்கும் 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' அப்படி ஒன்று. ஈபர்ட் அதை மிகக் கேவலமானது என்றார். கேரல் குளோவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், அந்தப் படம் பார்வையாளரைப் பாதிக்கப்பட்டவளின் பக்கம் நிற்கவைப்பதைக் கவனிக்கச் சொன்னார். இரண்டையும் வாசித்தேன், படத்தை ஒருமுறை பார்த்தேன். எனக்குக் குளோவரின் வாதம் புரிகிறது, ஈபர்ட்டின் வயிறும் புரிகிறது. மறுபடி பார்க்கப் போவதில்லை.

பார்த்து முடித்தபின், அடுத்தவருக்காக நான்கு வரி எழுதிவையுங்கள். மிகக் கடினமான காட்சி எது, ஏறக்குறைய எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, கேமரா காயத்தில் நின்றதா முகத்தில் நின்றதா, தனியாகப் பார்த்தீர்களா கூட்டத்தோடா. நட்சத்திரம் வேண்டாம். பாதியில் எழுந்து வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். எழுந்த இடத்தையும் சேர்த்து. 1972-இல் 'த லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்' படத்துக்கு விமர்சனம் எழுதிய நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஹோவர்ட் தாம்சன், தான் முடிவுவரை உட்காரவில்லை என்பதையும் எத்தனையாவது நிமிடத்தில் வெளியேறினார் என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தார். படத்தைப் பற்றி அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் "தாங்குவேனா" என்று கேட்டு வந்தவருக்கு, முழுதாகப் பார்த்துவிட்டு "பலவீனமான மனம் கொண்டவர்கள் தவிர்க்கவும்" என்று முடித்தவரைவிட அவர் அதிகம் சொல்லியிருக்கிறார்.